அப்பா தலைமேல் ஒரு சத்தியம்

புத்திசாலி என்று பெயர் எடுத்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதையில் உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

சுடலைமுத்துவுக்குப் பித்தப்பையில் கல். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி இரண்டு முறை தள்ளிப்போயிற்று; ஒருமுறை சர்க்கரை ஏறியதால், மறுமுறை மயக்க டாக்டர் வராததால். மனிதர் வலியில் சுருண்டு கிடந்தார். மூன்றாவது தேதிக்கு முந்தின நாள் சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "காலையில பச்சைத் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தா வீட்டுக்கு அனுப்பிருவோம்." ஏன் என்று அவர் சொல்லவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்க நம் ஆட்களுக்கு வாய் வருமா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு வார்டில் சுடலைமுத்துவுக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. "பேச்சி, படபடன்னு வருது. ஒரு வாய் பால் தா." மனைவி பேச்சியம்மாள் பயந்துபோய் பிளாஸ்கிலிருந்து ஒரு தம்ளர் பாலைக் கொடுத்துவிட்டாள். அதை மகள் செண்பகம் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, வெளிய சொல்லிராத. இந்தத் தேதியும் போச்சுன்னா உங்கப்பா தாங்க மாட்டாரு. அவரு தலைமேல சத்தியம் பண்ணு."

செண்பகம் அப்பாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

ஒன்பதரைக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. "ஒண்ணும் குடிக்கலையே?" என்று சிஸ்டர் கேட்டார். "இல்லம்மா" என்றாள் பேச்சியம்மாள். போகும் வழியில் செண்பகம் ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஆயாவிடம் மெல்லக் கேட்டாள்: "குடிச்சா என்னக்கா ஆகும்?"

"மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள்ள போயிரும். உசுருக்கே ஆபத்து."

சத்தியத்தை மீறினால் அப்பா உயிருக்கு ஆகாது என்று நம்பி வளர்ந்தவள் செண்பகம். மீறாவிட்டாலும் அதே உயிர்தான் போகும். தியேட்டர் கதவு திறந்துவிட்டது. அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

சொல்லுங்கள்: செண்பகம் சத்தியத்தைக் காப்பதா, மீறுவதா? எது சரி?

விடை: மீறுவதுதான் சரி. அப்பாவின் உயிருக்காக வாங்கிய சத்தியம் அந்த உயிரையே கேட்டால், அதைக் காத்து யாருக்கு என்ன பயன்? செண்பகம் கையை உதறிவிட்டு உண்மையைச் சொன்னாள். ஆபரேஷன் நின்றது. மயக்க டாக்டர் திட்டவில்லை. பேச்சியம்மாளை உட்காரவைத்துக் காரணத்தைச் சொன்னார். சர்க்கரை இறங்கிப் படபடவென்று வந்தால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள் என்றார். முந்தின நாளே யாராவது அதைச் சொல்லியிருந்தால் சத்தியத்துக்கே வேலை இருந்திருக்காது. எனக்குக் கோபம் அதில்தான். அம்மா மகளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் புதுத் தேதி. காலையில் சுடலைமுத்துவுக்கு மறுபடியும் படபடவென்று வந்தது, பால் கேட்டார். பேச்சியம்மாள் பிளாஸ்கைத் தொடவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கும்படி, "சிஸ்டர், ஓடியாங்க!" என்று கத்தினாள்.