முதலாளி கண்டுபிடித்த நட்சத்திரத் துளை

கம்பள ஆலை முதலாளி சிவசுப்பு காப்புரிமை அலுவலகத்தில் மார்தட்டினார். "நைலான் குழம்பை நட்சத்திரத் துளை வழியாப் பிழிஞ்சா நூல் முள்ளு முள்ளா வரும், அழுக்கே தெரியாது! எனக்கு முன்னால எவனுக்காவது இது தோணியிருந்தா மனுவை இப்பவே கிழிச்சுடறேன்!"

மனு ஜெயித்தால் வேறு ஆலைகளுக்கு அந்தத் துளை போட்ட அச்சை வெட்ட முடியாது. ஆட்சேபம் சொல்ல வந்திருந்த லேத்துக்காரர் கிட்டான் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அவர் மஞ்சப்பையிலிருந்து பித்தளை முறுக்கு அச்சு ஒன்றை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

"இதே மாதிரி பொடுசா வெட்டுன்னு முதலாளிதானுங்க கொண்டாந்து குடுத்தார். பேரு வெட்டியிருக்குது, படிங்க."

"ப. அங்காத்தாள், 12-6-1983" என்று அதிகாரி உரக்கப் படித்தார்.

அங்காத்தாள் சிவசுப்புவின் மாமியார். அந்த அச்சு மகளுக்கு அவர் வைத்த கல்யாணச் சீர்.

"எவனுக்கும் தோணலீங்க முதலாளி, உங்க மாமியாருக்குத்தானுங்க தோணியிருக்குது," என்றார் கிட்டான். "மனுவை நீங்களே கிழிச்சுடறீங்களா, இல்ல அவங்கள வரச் சொல்லட்டுங்களா?"