தோக்காத முதலாளி

பம்புசெட் கம்பெனி முதலாளி சென்னியப்பன் ஆபீஸ் ஆளுங்ககிட்ட கேரம்ல ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. புதுசா வாங்குன டேப்லட்டுக்கு மட்டும் அவரு முதலாளின்னு தெரியல. செஸ், சீட்டு, கேரம்னு எதைத் தொட்டாலும் அவரைத் தோக்கடிச்சிட்டே இருந்துச்சு.

டீ கொண்டுவந்த துளசிமணிகிட்ட அதை நீட்டினாரு.

"எந்நேரமும் போன்ல வெளையாடறியே, எனக்கொரு கேம் எடுத்துக் குடு. எதிராளிக்கு என்னளவு மூளை இருக்கணும். ஆனா எப்பவும் நான்தான் ஜெயிக்கணும். முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

டீ ஆறுறதுக்குள்ள துளசிமணி எடுத்துட்டா. "ரெண்டு பேரு ஆடற கேரமுங்க. ரெண்டு பக்கமும் நீங்களே ஆடுங்க. உங்க அளவு மூளை வேற யாருக்குங்க இருக்கு?"

அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. டேப்லட்டைத் திருப்பித் திருப்பி வச்சு ஆடுனாரு. ஆபீஸே வேலையை விட்டுட்டு எட்டிப் பாத்துச்சு. கடைசியில அவரு தன்னோடதுன்னு வச்சிருந்த பக்கமே ஜெயிச்சுது.

துளசிமணி மெதுவாக் கேட்டா. "ஏனுங்க, எதிர்ப்பக்கம் ஆடறப்ப செவப்புக்காய் குழி ஓரத்துலயே நின்னுச்சு. எதுக்குங்க வேணும்னே தள்ளி அடிச்சீங்க?"

"பின்னே? முதலாளி பக்கம் தோக்கலாமா?"

"அதுக்குத்தாங்க நாங்களும் தள்ளி அடிக்கறோம்."

சென்னியப்பன் திரும்பிப் பாத்தாரு. கணக்கர் மருதாசலம் ஏற்கெனவே திறந்திருந்த ஃபைலை இன்னொரு தடவை திறந்தாரு.

"சரி, நாளைக்கு வா"ன்னாரு முதலாளி. "வந்து எங்கூட நெசமா ஒரு ஆட்டம் ஆடு."

"வர்றேனுங்க. ஜெயிச்சா மறுநாளும் வரலாமுங்களா?"