மாத்திரை தீர்ந்த நாலாம் நாள்

"மனுசியைச் சங்கிலியில கட்டி வைக்கிறது பாவமில்லையா, சிஸ்டர்?"

மனநல டாக்டர் நன்மாறன் கத்தியே விட்டார். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மட்டும் அந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அவர் வருவார். இது மூன்றாவது முறை.

நர்ஸ் ரோசரி அடுத்த சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். வயதில் அவரைவிடப் பத்து வருடம் சின்னவள். ஆனால் அதே நாற்காலியில் அவருக்கு முன் ஆறு டாக்டர்களைப் பார்த்தவள். பெரிய படிப்புப் படித்தவர் சீடர், மாத்திரை எண்ணிக் கொடுப்பவள் குரு. அந்த ஊர் நிலவரம் அப்படி.

எதிரே ஒச்சப்பன் கைகட்டி நின்றான். அவன் அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி. வீட்டில் அவன் தங்கை விருமாயியின் காலில் அதற்கான பூட்டு.

"போன மாசம் இங்க வந்து சிரிச்சுப் பேசினாளேய்யா?"

"அப்ப மாத்திரை இருந்துச்சுங்கய்யா. தீந்து நாலு நாளாச்சு."

"நாலு நாள்ல ஒண்ணும் ஆகிடாது."

"போன வருசம் அப்படி நெனச்சுத்தான் விட்டேன். இருவதாம் நாள் காணாமப் போயிட்டா. பதினோரு நாள் தேடி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல..." ஒச்சப்பன் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் அலமாரியைத் திறக்கச் சொன்னார். ரோசரி திறந்தாள். அந்த மாத்திரைக்கான தட்டில் தூசிகூட இல்லை. மாத்திரை வேண்டுமென்று மாவட்ட மருந்துக் கிடங்குக்கு மூன்று முறை எழுதியாயிற்று. வரும் என்று மூன்று முறை பதில் வந்தாயிற்று. காகிதத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

"கடையில வாங்கட்டும். நானே வாங்கித் தர்றேன்."

"இந்த ஊர்க் கடையில இது வர்றதே இல்ல சார். மதுரைக்குத்தான் போகணும். போய் வாங்கிட்டு வாங்க. வெளிய இதே மாத்திரைக்கு நூத்துப் பதினேழு பேர் உக்காந்திருக்காங்க. யாருக்கு மொதல்ல?"

டாக்டர் வெளியே இருந்த கூட்டத்தை எட்டிப் பார்த்தார். கோபம் மட்டும் அடங்கவில்லை.

"அதுக்காகக் கட்டிப் போடுறதா? சாவியக் குடுய்யா."

ஒச்சப்பன் ரோசரியைப் பார்த்தான். அவள் சாவியை வாங்கி டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாங்க சார். நீங்களே தெறந்து விடுங்க."

சாப்பாட்டு நேரத்தில் மூவரும் ஒச்சப்பன் வீட்டுக்குப் போனார்கள்.

மாட்டுக் கொட்டகையில் ஒரு கல்தூண். தூணிலிருந்து சங்கிலி. கால் புண்ணாகாமல் இருக்கப் பழைய வேட்டித் துணி சுற்றி, அதன்மேல் பூட்டு. விருமாயி தலைவாரிப் பொட்டு வைத்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டாக்டரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள்.

அவர் குனிந்து பூட்டைத் திறந்தார். கண் கலங்கியது. நல்லவர்களுக்குச் சீக்கிரம் கலங்கிவிடும்.

விருமாயி காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"மாத்திரை வந்துருச்சாங்கய்யா?"

டாக்டர் ரோசரியைப் பார்த்தார். ரோசரி கீரையைப் பார்த்தாள்.

"இல்லம்மா."

"எப்ப வரும்?"

"தெரியலம்மா."

விருமாயி கீரையை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு துணியை இழுத்துச் சரியாகச் சுற்றிக்கொண்டு, காலை அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்ப நீங்களே பூட்டிட்டுப் போயிருங்கய்யா. எங்கண்ணே பூட்டுனா அழுகுது."