இன்னும் ஒரு கிளை

மூங்கில் மண்டிய மலைக்காட்டில், ஓட்டப் பந்தயம் என்றால் உயிரையே விடும் கரடி ஒன்று இருந்தது.

தானே ஓடுவதில் அதற்கு ஆசை இல்லை. பிறர் ஓடுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு அணில்கள் மரத்துக்கு மரம் துரத்திக்கொண்டால்கூட, பாதி எடுத்த தேனடையை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றுவிடும்.

அந்தக் காட்டிலிருந்து ஒன்பது நாள் நடந்தால் ஒரு பெரிய புல்வெளி வரும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே மான்களின் ஓட்டம் நடக்கும். எட்டுத் திசையிலும் உள்ள மான் கூட்டங்கள், தங்களில் மிக வேகமான ஒரு மானை அனுப்பிவைக்கும். குன்றின் அடியில் புறப்பட்டு ஏரிக்கரை வரை ஓட வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்றும், ஆனால் பார்த்தவர்கள் அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள் என்றும் வலசை வரும் நாரைகள் சொல்லும்.

சென்ற முறை ஓட்டம் நடந்தபோது நம் கரடி பால் மறக்காத குட்டி. அடுத்த முறை நடக்கும்போது அது கிழடாகியிருக்கும். ஆகவே இந்த ஆண்டு நடக்கும் ஓட்டத்தை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

எந்த ஆண்டு எந்த மான் வென்றது என்பதெல்லாம் கரடிக்கு மனப்பாடம். ஈர மண்ணில் நகத்தால் குன்றையும் ஏரியையும் வரைந்து, இந்த ஆண்டு கருமுதுகன் என்ற மான்தான் வெல்லும் என்று வழியில் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லும். மறுத்துப் பேசினால் அன்று முழுவதும் வாதாடும்.

கரடிக்கு ஒரு முள்ளம்பன்றி நண்பன். அதற்கு ஓட்டத்தில் ஒரு அக்கறையும் கிடையாது. பகலெல்லாம் வளைக்குள் தூங்குவதுதான் அதன் வழக்கம். ஆனாலும் கரடி அவ்வளவு தூரம் தனியாகப் போவது அதற்குப் பிடிக்கவில்லை. தானும் வருவதாகச் சொல்லி வளையை விட்டு வெளியே வந்துவிட்டது.

ஒன்பது நாள்கள் நடந்தார்கள். வெயிலில் முள்ளம்பன்றியின் கண்கள் கலங்கி வழிந்தன. கரடி வைக்கும் ஓர் அடிக்கு அது நாலடி வைக்க வேண்டியிருந்தது. வழியில் ஓர் ஆறு வந்தபோது, முதுகில் ஏற்றிக்கொள்ள முள் இடம் தரவில்லை. கரடி ஒரு மரக்கட்டையில் அதை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே நீந்தியது.

ஓட்டம் நடக்கும் நாள் காலையில் புல்வெளிக்கு வந்து சேர்ந்தார்கள். யானை முதல் எலி வரை எல்லோரும் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். மான்கள் ஓடும் பாதையின் பாதித் தொலைவில், ஓரமாக, உயரமான பழைய கறையான் புற்று ஒன்று இருந்தது. அதில் ஏறி நின்றால் இடப்பக்கம் குன்றும் வலப்பக்கம் ஏரியும் தெரிந்தன. இருவரும் அதன்மேல் உட்கார்ந்தார்கள். கரடிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அப்போது ஒரு நரி வந்தது. அது தாமதமாக வந்திருந்தது. நல்ல இடமெல்லாம் நிரம்பிவிட்டது. புற்றைப் பார்த்தது, அதன்மேல் இருந்த கரடியையும் பார்த்தது. கரடியின் பலத்தோடு தன்னால் மோத முடியாது என்று அதற்குத் தெரியும்.

"கரடியாரே, வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது" என்றது நரி.

"ஒன்பது நாள் நடை" என்றது கரடி பெருமையாக.

"அடடா, அவ்வளவு தூரம் வந்தும் உட்கார இந்த இடம்தானா கிடைத்தது? வெற்றி முடிவாவது ஏரிக்கரையில் அல்லவா? இங்கே உங்களுக்குத் தெரியப்போவது மான்களின் விலாப்புறம்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் மனம் கேட்காது."

இதைச் சொல்லிவிட்டு நரி சற்றுத் தள்ளிப்போய், ஒன்றும் அறியாததுபோல் வாலை நக்கிக்கொண்டிருந்தது.

கரடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த இடமே போதும் என்று முள்ளம்பன்றி சொல்லிப் பார்த்தது. கரடி கேட்கவில்லை. இருவரும் இறங்கி ஏரிக்கரைக்கு நடந்தார்கள். இவர்கள் பத்தடி போவதற்குள் நரி புற்றின்மேல் ஏறிவிட்டது.

ஏரிக்கரையில் யானைகளின் கால்கள் மறைத்தன. அங்கிருந்து ஒரு பாறைக்குப் போனார்கள். பாறையிலிருந்து பாதை நன்றாகவே தெரிந்தது. ஆனால் கரடியின் கண் இப்போது பாதையில் இல்லை. பாறைக்குப் பின்னால் ஓங்கி நின்ற மருத மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மான்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டன. உட்கார்" என்றது முள்ளம்பன்றி.

"பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது இது. அரைகுறையாகப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? நீ இங்கேயே இரு. நான் மரத்தில் ஏறிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கரடி போனது.

முதல் கிளைக்கு ஏறியதும் அது திரும்பிப் பார்த்தது. குன்று முதல் ஏரி வரை புல்வெளி முழுவதும், பாய் விரித்ததுபோல் காலடியில் கிடந்தது. வரிசையில் நின்ற கருமுதுகனைக்கூட அடையாளம் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால், இன்னும் ஒரு கிளை ஏறினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. ஏறியது. அங்கே இலைகள் கொஞ்சம் மறைத்தன. சரி, இன்னும் ஒரு கிளை.

அந்த நேரத்தில் மயில்கள் ஒன்றாக அகவின. அதுதான் புறப்படுவதற்கான அடையாளம்.

கரடி பதறிப்போய் மேலே தாவியது. அந்த மெல்லிய கிளை வளைந்து ஆடியது. இரு கைகளாலும் கிளையைக் கட்டிக்கொண்டு, முகம் இலைக்குள் புதைய, அது தொங்கியது. கீழே நிலம் அதிர்ந்தது. குளம்பொலி மழைபோல் வந்தது, போயிற்று. புல்வெளி முழுவதும் ஒரே ஆரவாரம்.

ஒருவழியாக இலைகளை விலக்கிப் பார்த்தபோது புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. மான்கள் ஏரியில் தலை தாழ்த்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தொலைவில், புற்றின்மேல், நரி பின்னங்காலில் நின்று துள்ளிக்கொண்டிருந்தது.

கரடி மெல்ல இறங்கி வந்தது. பாறையில் முள்ளம்பன்றி அதே இடத்தில் இருந்தது. கரடி அதன் அருகே உட்கார்ந்தது. பிறகு, "நான் பார்க்கவில்லை. நீயாவது சொல். யார் வென்றது? எப்படி ஓடினார்கள்?" என்று கேட்டது.

முள்ளம்பன்றி தரையைப் பார்த்தது. "எனக்குத் தெரியாது" என்றது.

"வெயிலில் கண் கூசிவிட்டதா?"

"இல்லை. நீ பிடித்திருந்த கிளை ஒடிந்துவிடும்போல் ஆடியது. நீ விழுந்துவிடுவாயோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

கூட்டம் கலைந்து அவர்களைக் கடந்து போயிற்று. கருமுதுகன் மூக்கு நுனியளவு முந்தி வென்ற கதையைச் சொல்லிக்கொண்டே போனார்கள். கரடி ஆசைப்பட்டபடியே நடந்திருந்தது. ஆனால் அது தலை நிமிரவில்லை. முள்ளம்பன்றியின் வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒன்பது நாள் எனக்காக நடந்து வந்தாய். உன்னையும் பார்க்கவிடாமல் செய்துவிட்டேன்" என்று சொல்லிக் கரடி அழுதது.

நீதி: கிடைத்த இடத்தில் மனம் நிறையாதவர், காண வந்ததையும் காணார், கூட வந்தவரையும் காணவிடார்.