மயிலைப் பசுவும் திறந்து கிடந்த படலும்

ஒரு கொறங்காட்டில் மயிலை என்றொரு பசுவும், எந்நேரமும் அதன் முதுகில் சவாரி செய்யும் கரிச்சான் குருவி ஒன்றும் இருந்தன.

கொறங்காடு என்றதும் புலி திரியும் பெருங்காடு என்று நினைத்துவிட வேண்டாம். கொங்குச் சீமையில் மாடு மேய்வதற்கென்றே சுற்றிலும் கிளுவை முள் வேலி போட்டு வைத்திருக்கும் சொந்த நிலம் அது. உள்ளே போய்வர ஒரே ஒரு வழி. அந்த வழியை அடைக்க முள்ளால் பின்னிய ஒரு படல். காலையில் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் சாயங்காலம் வரை காவலுக்கு ஆள் வேண்டாம். படலைத் திறந்தவர் யாரானாலும் சாத்திவிட்டுத்தான் போவார். அந்த ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அந்தக் காட்டில் மயிலையோடு சேர்த்து ஏழு மாடுகள். கூடவே முயல்கள், கௌதாரிகள், காடைகள் எல்லாம் குடியிருந்தன. நிலத்துக்காரி நாச்சாத்தாள் அவற்றை ஒன்றும் செய்யமாட்டாள்.

கரிச்சான் உடம்பு கைக்குள் அடங்கும். வாய்தான் காடு கொள்ளாது. ஒருநாள் பருந்து ஒன்றை அது உண்மையாகவே துரத்திவிட்டது. அன்றிலிருந்து அதன் பெருமைப் பேச்சைத் தாங்க முடியவில்லை. அதை நம்பி, அது கூடு கட்டியிருந்த வெள்வேல மரத்தடிப் புதரில் ஒரு கௌதாரி ஒன்பது முட்டைகள் இட்டு அடைகாத்தது.

"நான் இருக்கையில உனக்கென்ன பயம் தங்கச்சி? எவன் வந்தாலும் கொத்தி அனுப்பிடறேன்!" என்று கரிச்சான் வாக்குக் கொடுத்திருந்தது.

"உன்னத்தான் நம்பியிருக்கறேன் அண்ணா! இன்னும் ரெண்டு நாள்ல குஞ்சு பொரிச்சிரும்!" என்றது கௌதாரி.

பக்கத்தில் மயிலை அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தது. 'இந்த அக்காளுக்கு இதைத் தவிர வேறென்ன தெரியும்?' என்று கரிச்சான் நினைத்துக்கொண்டது. அந்த அக்காளின் முதுகில் உட்கார்ந்துகொண்டேதான் நினைத்தது!

மறுநாள் காலை, மாடுகளை விட்டுவிட்டு நாச்சாத்தாள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் உயரம், அவன் கையில் துப்பாக்கி. இன்னொருவன் குட்டை, அவன் தோளில் வலைச்சுருள். அவர்களுக்கு முன்னால் ஒரு வேட்டை நாய் குதித்து இறங்கியது. ஜீப்பை வழியோரம் விட்டார்கள். படலை இழுத்துத் தூரப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள்.

"கோடியில வலையைக் கட்டிருவோம். அப்புறம் இந்தப் பக்கமிருந்து புதர் புதராத் தட்டிக்கிட்டுப் போனா, அத்தனையும் வலைக்குள்ள!" என்றான் குட்டையன்.

புதருக்குள் கௌதாரி நடுங்கிப் போனது. அதற்கு இறக்கை இருக்கிறது, பறந்துவிடலாம். முட்டைகளுக்கு ஏது இறக்கை?

"அண்ணா! வந்துட்டாங்க அண்ணா!"

கரிச்சான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. விர்ரென்று பறந்து நாயின் காதில் ஒரு கொத்துக் கொத்தியது. நாய் 'வாள்' என்று கத்தியது. உயரமானவன் துப்பாக்கியைத் தூக்கினான். டமார்!

காடே அதிர்ந்தது. கரிச்சான் உருண்டு புரண்டு மயிலையின் முதுகில் வந்து விழுந்தது. உயிர் போகவில்லை. இரட்டை வாலில் ஒரு பக்கம் மட்டும் போய்விட்டது. அதோடு அத்தனை வீராப்பும் போய்விட்டது.

"அக்கா, நான் வாக்குக் குடுத்துட்டனே! இப்ப என்ன பண்ணுவேன்?" என்று அழுதது.

மயிலையின் மகன் காரிக்காளை கொம்பைச் சிலுப்பிக்கொண்டு முன்னால் வந்தது. "அம்மா, ஒரே முட்டு! ரெண்டு பேரையும் வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கி எறிஞ்சிடறேன்!"

"நில்லு கண்ணு. உன்ற கொம்பு நீளமா, அவன் துப்பாக்கிக் குண்டு போற தூரம் நீளமா? நீ செத்து விழுந்தா இந்த முட்டைக்கு என்ன லாபம்?" என்று கேட்டது மயிலை.

அதற்குள் வேட்டைக்காரர்கள் வலையோடு கோடிக்கு நடந்துவிட, நாய் மட்டும் பின்தங்கி நின்றது.

மயிலை எழுந்து, ஆடாமல் அசையாமல் நேராக அந்த நாயிடம் போனது. மயிலை நாயைத் திட்டப் போகிறது என்று கரிச்சான் நினைத்தது. ஆனால் மயிலையின் குரலில் கோபமே இல்லை.

"ஏனுங்க, நீங்க யாரு? யாரைக் கேட்டு இதுக்குள்ள வந்தீங்க?"

"கேக்கறதா? நாங்க வேட்டைக்காரர் வீட்டு நாய்! நாங்க கால் வெச்ச எடமெல்லாம் எங்க காடு!" என்றது நாய்.

"அப்படிங்களா! படலைத் தொறந்தீங்களே, சாத்தலீங்களா?"

நாய் விழுந்து விழுந்து சிரித்தது. "தொறக்கறதுதான் எங்க வேலை. சாத்தறது எங்க வேலை இல்ல!"

மயிலை தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அதன் பார்வை, திறந்து கிடந்த அந்த வழியிலேயே இருந்தது.

"கெளம்புங்க! அல்லாரும் ஊட்டுக்குப் போறோம்," என்றது.

"ஓடிப் போறதா?" என்று காரி சீறியது.

"கூட்டியாறதுக்குப் போறோம். அவிங்க வலை கட்டி முடிக்க ஒரு மணி நேரமாச்சும் ஆகும். அதுக்குள்ள ஊட்டம்மாவைக் கூட்டியாந்தரணும்."

"அப்ப நானே பறந்து போய்ச் சொல்லிடறேன்! உங்களுக்கு முன்னாடி போயிருவேன்!" என்று துள்ளியது கரிச்சான்.

"நீ போய்க் கத்தினா அவிங்க என்ன நெனப்பாங்க? கரிச்சான் கத்துதுன்னு நெனப்பாங்க. நாள் பூராவும் கத்தறவன்தானே நீ! ஆனா, அடைச்ச மாடு அத்தனையும் மேயற நேரத்துல வாசல்ல வந்து நின்னா?"

கரிச்சானுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் முதுகில் உட்கார்ந்து புழு பூச்சி பொறுக்கிய இத்தனை நாளும், கீழே இவ்வளவு பெரிய மூளை நடமாடிக்கொண்டு இருந்திருக்கிறது!

போவதற்கு முன் மயிலை இன்னொரு காரியம் செய்தது. ஏழு மாடுகளையும் வரிசையாக அந்தப் புதரைச் சுற்றி நடக்கவிட்டது. ஒவ்வொரு மாடும் அங்கே நின்று, சாணி போட்டுவிட்டு நகர்ந்தது.

"ஐயே!" என்றது கௌதாரி.

"மூக்கைப் பொத்திக்கிட்டு அசையாம படுத்திரு அம்மிணி. உன்ற வாசம் நாய்க்குப் போகாது," என்றது மயிலை.

பிறகு ஏழும் வழியைத் தாண்டி இட்டேரியில் இறங்கின. இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி நிற்கும் ஒற்றைத் தடம். அதன் பாதி தூரத்தில் வேலி ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஆளுயரத்துக்குப் பச்சைப் பசேலென்று சோளப் பயிர்! காற்றடித்ததும் அதன் வாசனை வந்து மூக்கைத் தொட்டது. கோடை முழுக்கக் காய்ந்த புல்லைத் தின்ற மாடுகள் அவை. ஏழு நாக்கும் ஊறின.

"அம்மா, ஒரே ஒரு வாய்!" என்றது காரி.

மயிலைக்கு மட்டும் பசிக்காதா? அதன் வாயோரம் எச்சில் வழிந்ததைக் கரிச்சான் கண்ணால் பார்த்தது. ஆனாலும் மயிலை அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

"ஒரு வாய் வெச்சா நிறுத்த முடியாது கண்ணு. சோளக்காட்டுக்காரரு கம்போட வருவாரு. அப்புறம் ஊர் பூரா நம்ம திருட்டுப் பேச்சுத்தான் நடக்கும். காட்டுக்குள்ள பூந்தவனை ஆரு கேப்பாங்க?"

காரி பெருமூச்சு விட்டுக்கொண்டு நடந்தது. வேலி தாண்டி வந்தவர்களைப் பற்றிச் சொல்லப் போகிறவர்கள் தாங்களே வேலி தாண்டலாமா? ஏழு மாடுகளும் ஒரு சோளத் தாளைக்கூடக் கடிக்காமல் அந்த இடத்தைக் கடந்தன. துப்பாக்கியை எதிர்ப்பதைவிட இதுதான் பெரிய வீரம் என்று கரிச்சானுக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நாச்சாத்தாள் வாசலில் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஏழு மாடுகள் வரிசையாக நின்றன.

"அட என்ற சாமி! இந்நேரத்துக்கு எப்படி வந்தீங்க? படலை நாந்தானே சாத்திட்டு வந்தேன்!"

மயிலையின் வாயைப் பிரித்துப் பார்த்தாள். பச்சை இல்லை. அப்படியானால் மேயத் தாண்டி வந்தவை அல்ல. முதுகைப் பார்த்தாள். வால் பாதி போன கரிச்சான், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் கேட்ட சத்தம் அவளுக்கு நினைவு வந்தது. யாரோ கிளி விரட்ட வெடி போடுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள்!

அவள் கத்தவில்லை. தலைதெறிக்க ஓடவும் இல்லை. போனை எடுத்து வனத்துறை அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"ரேஞ்சர் ஐயாவுங்களா? நாச்சாத்தாள் பேசறனுங்க. எங்க காட்டுக்குள்ள துப்பாக்கியோட ஆளு பூந்திருக்குதுங்க. நான் தனியா உள்ள போகலீங்க. வழியிலயே நிக்கறேன், வெரசா வாங்க."

அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூன்று பேருக்குச் சொன்னாள். மாடுகளை ஓட்டிக்கொண்டு, அவர்களோடு கிளம்பினாள்.

அங்கே காட்டில் வலை கட்டி முடித்திருந்தார்கள். குட்டையன் கம்பால் புதர்களைத் தட்டிக்கொண்டு வந்தான். வெள்வேல மரத்துக்கு இன்னும் இரண்டே புதர்தான் பாக்கி. நாய் மரத்தடிக்கு வந்து மோப்பம் பிடித்தது. சாணி, சாணி, எங்கே மூக்கை வைத்தாலும் சாணி! தும்மிக்கொண்டு விலகிப் போனது. உள்ளே கௌதாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஒரு புதர்தான் பாக்கி.

"ஏனுங்க தம்பிங்களா!" என்று வழியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "உங்க வண்டியா இது?"

கம்பு அந்தரத்தில் நின்றது. இரண்டு பேரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தார்கள். நாச்சாத்தாளும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ஜீப்பின் முன் சக்கரத்தை ஒட்டி மயிலை சாவகாசமாகப் படுத்திருந்தது. பின்பக்கம் காரி. மற்ற ஐந்தும் இரண்டு புறமும் படுத்து அசை போட்டன.

"புறம்போக்குன்னு நெனச்சு வந்துட்டமுங்க அக்கா," என்று இளித்தான் குட்டையன்.

"புறம்போக்குக்கு ஆருங்க படல் கட்டறாங்க? அதை நீங்கதானே தொறந்தீங்க?"

உயரமானவன் முறைத்தான். "எங்க கையில என்ன இருக்குன்னு பார்த்தீங்கல்ல?"

"நல்லாத் தெரியுதுங்க. வண்டி நம்பரும் தெரியுது. ரேஞ்சருக்கு அனுப்பியாச்சு. துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டு நெழல்ல உக்காருங்க. தாகமா இருந்தா தண்ணி தாரேன்."

இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? பார்த்துக்கொண்டிருப்பவர்களோ மூன்று பேர். உயரமானவனின் கை மெல்லத் தாழ்ந்தது. துப்பாக்கி தரைக்கு வந்தது.

ஓடிவிடலாமா என்று குட்டையன் ஜீப்பைப் பார்த்தான். நாய் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு மயிலையிடம் வந்தது. இப்போது குரலில் தேன் ஒழுகியது.

"அக்கா, கொஞ்சம் நகருங்களேன். வண்டி போகணும்!"

மயிலை ஒரு வாய் அசை போட்டு முடித்தது.

"படுக்கறதுதான் எங்க வேலைங்க. நகர்றது எங்க வேலை இல்ல!"

கரிச்சான் சிரித்த சிரிப்பில் முதுகிலிருந்து கீழே விழப் பார்த்தது.

அரை மணி நேரத்தில் ரேஞ்சர் வந்தார். துப்பாக்கியும் வலையும் அவருடைய வண்டியில் ஏறின. அந்த இரண்டு பேரும் நாயோடு ஏறினார்கள். எல்லோரும் போனபின் நாச்சாத்தாள் மாடுகளை உள்ளே விட்டு, தூரக் கிடந்த படலைத் தூக்கி வந்து சாத்தினாள்.

மூன்றாம் நாள் காலை, வெள்வேல மரத்தடியில் ஒன்பது குஞ்சுகள் ஓடித் திரிந்தன.

"உன்ற புண்ணியம் அண்ணா!" என்றது கௌதாரி.

எத்தனையோ பொய்ப் பெருமைகளைக் கூசாமல் வாங்கிக்கொண்ட கரிச்சான், அன்று தலையை ஆட்டி மறுத்தது. "எனக்கெதுக்கு நன்றி தங்கச்சி? அதோ, அசை போட்டுக்கிட்டுப் படுத்திருக்குதே, அந்த அக்காகிட்டப் போய்ச் சொல்லு!"

அத்துமீறி வந்தவர்களை வெல்ல ஆத்திரமும் வாய்வீச்சும் போதாது. தன் பக்கம் தவறு வராமல் காத்து, நிதானமாக உரியவரைக் கூட்டி வருகிறவரே வெல்வார்.