முதலாளியைச் சுற்றிய வெள்ளை வட்டங்கள்

வேதமாணிக்கம் முதலாளியின் அரிசி ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவள் அன்னக்கொடி. "இருக்கிறதிலேயே விலை குறைஞ்ச டிஜிட்டல் கேமரா வாங்கிட்டு வா" என்று முதலாளி சொல்ல, டவுனில் அவள்தான் வாங்கி வந்தாள். கடையில் எடுத்துப் பார்த்தபோது படம் நன்றாகத்தான் விழுந்தது.

ஆலையைச் சோதிக்க அதிகாரி வந்தார். "எங்க ஆலையிலே தூசிங்கிற பேச்சே கிடையாதுங்க" என்று சொல்லிக்கொண்டே முதலாளி ஆலைக்குள்ளேயே அவருக்கு மாலை போட்டார். அன்னக்கொடி படம் எடுத்தாள். ஃபிளாஷ் மின்னியது. படத்தில் இருவரையும் சுற்றி வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் மிதந்தன. கேமராவை எட்டிப் பார்த்த ஆலைப் பெண்கள் "ஐயோ, பேய்!" என்று பதறினார்கள்.

முதலாளி பாய்ந்தார். "ஓட்டைக் கேமராவை என் தலையிலே கட்டிட்டியா? இதே கேமராவுலே, இதே இடத்துலே, வட்டம் இல்லாம எடு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

அன்னக்கொடியின் வீட்டில் உலை கொதிப்பதே இந்தக் கூலியில்தான். அவள் வாசலுக்குப் போய், வேப்பமர நிழலில் நின்ற லாரியை ஃபிளாஷ் போட்டு எடுத்து வந்தாள். அதில் ஒரு வட்டம்கூட இல்லை.

"வெளியிலே எடுத்தா பளிச்சுன்னு விழுதுங்க முதலாளி. உள்ளே எடுத்தாத்தான் என்னமோ மின்னுது. தூசி இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ நெசமாவே பேய்தானுங்களா?"

அதிகாரி இருமிக்கொண்டே சட்டையைத் தட்டினார். தவிடு பறந்தது.

"பேய்க்கு நான் நோட்டீஸ் கொடுக்க முடியாது, உங்களுக்குத்தான் கொடுக்கணும்" என்றார் அவர். "பறக்கிற தூசியிலே ஃபிளாஷ் வெளிச்சம் பட்டுத்தான் இப்படி வட்டமா விழுது. இந்தப் படமும் இந்த அம்மாவும்தான் சாட்சி. அடுத்த தடவை நான் வர்றப்போ ரெண்டும் இங்கேயே இருக்கணும்."