திவான் பட்டமும் ஒரு வரி இடமும்

பூவாணி ராஜா நல்லவர்தான். ஆனால் அவருக்காக வாய் திறப்பதெல்லாம் திவான்தான். சமஸ்தானத்துக்குப் புதிதாகச் சட்டம் எழுதி, அரண்மனை வாசலில் ஆளுயரக் கல்லில் செதுக்கினார்கள். "ஆணும் பெண்ணும் சமம்" என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பெண்கள் வருஷக்கணக்காக நடையாய் நடந்தும் திவான் மசியவில்லை.

கல்லைத் திறக்கும் நாளன்று அந்தப் பெண்கள் ராஜா முன்னால் மறுபடியும் வந்து நின்றார்கள்.

"அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே! தெரிந்ததை எதற்குச் செதுக்குவது? கல்லில் இடமும் இல்லை," என்றார் திவான். பிறகு மீசையைத் தடவிக்கொண்டார். "சட்டத்தில் ஓர் எழுத்தையும் தொடாமல் இடம் காட்டுங்கள், இப்போதே செதுக்கச் சொல்கிறேன்."

கல்தச்சனுக்குச் சில்லு அள்ளிப் போடும் சித்தாள் வேலாத்தா கூடையை இறக்கி வைத்தாள்.

"அடியிலே இருக்கிற இந்த ஆறு வரியும் சட்டமுங்களா, சாமி?"

ராஜா குனிந்து பார்த்தார். திவானின் பெயரும், அதற்கு முன்னும் பின்னும் அவருடைய பட்டங்களும்.

"அது... என் பெயர்," என்றார் திவான்.

"உங்க பேரு ஊருக்கே தெரியுமுங்களே. தெரிஞ்சதை எதுக்குச் செதுக்கோணும்?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பையே உத்தரவாக எடுத்துக்கொண்டு தச்சன் அந்த ஆறு வரிமேல் உளியை வைத்தான்.

சாயங்காலம் பெண்கள் புது வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். உதிர்ந்து கிடந்த பட்டங்களைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிய வேலாத்தா சொன்னாள்:

"அட, இத்தனை பட்டத்துக்கும் கனமே இல்லீங்க!"